தேனுகா என்னும் திருப்பெயர்

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, சேலையூரைக் கடந்து செல்வார்க்கு அணித்தாகவுள்ள மாடம்பாக்கம் என்னும் பழம்பதியில், சிவபெருமான் தேனுபுரீசுவரர் என்னும் திருப்பெயரோடும், உமையம்மையார் தேனுகாம்பாள் என்னும் திருப்பெயரோடும் எழுந்தருளியிருத்தலைச் சைவ அன்பர் பலரும் அறிவர். அக்கோயில் சோழர் காலத்துக் கற்றளி; தூங்கானை மாடம் என நம் முன்னோர் கூறிய, யானையின் பின்புறம் போன்ற விமானத்தையுடையது; அருணகிரிநாதரின் திருப்புகழைப் பெற்றது; இக்காலத்துத் தொல்லியல் துறையினரது பாதுகாப்பில் உள்ளது. அவ்வூர் 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று.

அவ்வம்மையின் திருப்பெயரைத் தம் பெண்மக்கட்குத் ‘தேனுகா’ எனச் சுருக்கி இடுவார் சிலர் உளர். அவ்வாறு இடுவார் மிகச் சிலரே. பெயர் அரிதாகவே, அதன் பொருளை அறிவாரும் அரியராயினர். பொருள் அறியாதவிடத்துப் புதுப்பொருள் புகுதல் இயல்பு. ‘தேனுகா என்பது தேன் என்னும் தமிழ்ச்சொல்லடியாகப் பிறந்தது, தேன் போல இனியவள் என்பது அதன் பொருள்’ என்று கூறுவார் இந்நாளிற் பலர். அவ்வுரை பிழை என்பதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். பிறரை இடித்துரைத்தற்கு இதனை எழுதுகின்றேன் என அன்பர் கருதற்க. அப்பிழையுரையைக் கூறினாருள் யானும் ஒருவன். ஆகலின் இஃது என் உரைக்கு யானே எழுதும் மறுப்பெனக் கொள்க.

நிகழ்ந்தது இது. சில ஆண்டுகட்கு முன்னர், எம் தெருவில் வாழும் அன்பர் ஒருவர் தம் மகளை உடன்கொண்டு என் இல்லம் போந்தார். அச்சிறுமி அந்நாளில் ஆறாம் வகுப்பிற் பயின்றனள், பெயர் தேனுகா. மாடம்பாக்கத்து அம்மையை வேண்டிப் பெற்ற பேத்தி என்று பாட்டியார் இட்ட பெயர் அது. பள்ளியில் எவரோ ‘தேனு என்றால் பசு’ என்று கூறக்கேட்ட பிள்ளைகள், அன்றுமுதல் அவளை ‘மாடு, மாடு’ என்றழைத்து எள்ளலாயினர். அவள் பள்ளி செல்ல மறுத்து அழுதாள். தந்தையார் பெயரை மாற்றி அரசிதழில் வெளியிடுதற்கு வேண்டும் விண்ணப்பத்தைக் கையிலேயே வைத்திருந்தார். ‘ஐயா, இப்பெயருக்கு வேறு பொருள் ஏதேனும் உண்டா?’ என்பது அவர் வினா.

யான் அச்சிறுமியின் முகத்தைக் கண்டேன். மெய்யைக் காணாது விட்டேன். ‘இது தேன் என்னும் சொல், தேன் உகுப்பவள் என்பது பொருள், பசுவிற்கும் இதற்கும் இயைபில்லை’ என்று கூறி அனுப்பினேன். சிறுமி மகிழ்ந்தாள். விண்ணப்பமும் கிழிக்கப்பட்டது. நல்லதொன்று செய்தோம் என்றே யானும் எண்ணியிருந்தேன்.

நான்கு நாள் கழித்து அப்பாட்டியார் கோலூன்றி வந்தார். ‘ஐயா, தேன் என்று சொன்னீர்களாம். அப்படியானால் நான் வேண்டிக்கொண்டது மாடம்பாக்கத்து அம்மாளை இல்லையா? குழந்தைக்கு வேறு யார் பெயரையோ வைத்துவிட்டேனா?’ என்று கேட்டார். மடத்திற் பயின்று, முப்பதாண்டு தமிழ் கற்பித்த யான், எழுத்தறியாத அம்மூதாட்டியார்முன் விடையின்றி நின்றேன். ‘எல்லாம் ஒன்றுதான், அம்மா’ என்று மழுப்பினேன். அடுத்த ஆண்டு அவர் சிவப்பேறு எய்தினார். அவர்க்குரிய விடை என்னிடத்துக் கடனாக நின்றுவிட்டது.

இனி, என் பழைய உரையை ஆராய்வாம்.

முதலாவது, சொற்பிரிப்பு. ‘தேன் + உகா’ எனப் பிரித்துத் ‘தேனை உகுப்பவள்’ என்றேன். உகுத்தல் சொரிதலாம். ஆயின் ‘உகா’ என்பது உகுத்தலைக் காட்டுமோ? புகு என்பதற்குப் புகா, தகு என்பதற்குத் தகா என எதிர்மறை வருதல் போல, உகு என்பதற்கு உகா என்பது எதிர்மறையாம். ஆகவே தேனுகா என்பது அப்பிரிப்பின்படி ‘தேன் சொரியாத’ என்றே பொருள்படும். இனிமையைக் கூட்டப் புகுந்து வறட்சியைக் கூட்டினேன். ‘உகா’ என்பதனைப் பெயராகக் கொள்ளின், அது பாலை நிலத்து உகாய் மரத்தைக் குறிக்கும். தேனுக்கும் அம்மரத்திற்கும் பெண்மகவிற்கும் இயைபு காண்டல் அரிது. இலக்கணம் கற்பித்தவன் இலக்கணத்தை மறந்து கூறிய உரை இஃதாகலின், என் நாணம் இருமடங்காயிற்று.

இரண்டாவது, சொல் வரலாறு. தேனு என்பது வடசொல். பருகுதல் என்னும் பொருளையுடைய வினையடியிற் பிறந்து, கன்று பருகப் பால் தரும் ஆவைக் குறிப்பது. வடமொழித் தகர வருக்கத்தின் நான்காம் எழுத்து அதன் முதலெழுத்து. ஐவருக்கத்தின் இடைநின்ற மூன்றெழுத்துக்களும் தமிழில் அவ்வவ் வருக்கத்து முதலெழுத்தாகத் திரியுமெனப் பவணந்தியார் நன்னூற் பதவியலில் வடமொழியாக்கம் கூறுமிடத்து விதித்தனர். அவ்விதியால் அந்நான்காம் எழுத்து நம் தகரமாயிற்று. இடைநின்ற நகரமும் எழுத்து வழக்கில் னகரமாயிற்று. தேனு என எழுதிய அவ்வடிவம், பேச்சில் தேனைத் ‘தேனு’ என உகரங்கூட்டி வழங்கும் வடிவத்தோடு ஒலியால் ஒத்துவிட்டது. மயக்கத்திற்குக் காரணம் இவ்வளவே. ஒலியொப்புமை பிறப்பொற்றுமையாகாது. அற்றேல், காமதேனு என்னும் சொல்லைக் கேட்டு எவரேனும் தேனை நினைந்ததுண்டோ? ஆன்மார்த்த பூசை செய்யும் அன்பர், அருக்கிய நீரை அமுதமாக்குதற்குத் தேனு முத்திரை காட்டுவர். அதன்கண் கோத்து நிற்கும் விரல்கள் ஆவின் நான்கு மடிக்காம்புகளையே குறிக்கும். நாள்தோறும் தம் கையாற் காட்டும் பொருளை நாவால் மறுத்தல் தகுமோ?

தேனு என்பதே ககரம் பெற்றுப் பெண்பாலில் ‘தேனுகா’ என நின்றது. தேனுகன் என்னும் ஆண்பாற் பெயர் புராணத்துள் ஓர் அசுரனுக்கு உளதெனின், அதனால் ஈண்டைக்கு இழுக்கில்லை. அது வேறு, இது வேறு. தேனுகா என்பதனோடு ‘அம்பா’ என்னுஞ் சொற்சேர, ஆகாரமும் அகரமும் கூடித் தீர்க்க சந்தியாய்த் தேனுகாம்பா என்றாகித் தமிழிறுதி பெற்றுத் தேனுகாம்பாள் என நின்றது. ஆகாரவீறு தமிழில் ஐகாரமாதல் பற்றித் ‘தேனுகை’ என வழங்கினும் நன்னூல் விதிக்கு ஒக்கும்.

மூன்றாவது சான்றினை எனக்குக் காட்டினவள் அப்பெண்ணே. அவள் வளர்ந்து இசை பயிலத் தொடங்கினாள். ஒருநாள் என்னிடம் வந்து, ‘தாத்தா, என் பெயரில் ஒரு இராகம் இருக்கிறதாம், அது ஒன்பதாவது மேளமாம். தேன் என்றால் எண் வேறாக வரவேண்டுமே?’ என்றாள்.

அவள் கூறியதன் கருத்தை இசை பயிலாத அன்பர்பொருட்டு விரிப்பாம். 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்கள், முதலிரண்டெழுத்துக்களைக் கொண்டே அவற்றின் வரிசையெண்ணை அறியுமாறு அமைக்கப்பட்டவை. கடபயாதி என்னும் அம்முறையில் வடமொழி மெய்யெழுத்துக்கள் ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. தகர வருக்கத்து முதலெழுத்திற்கு 6, அவ்வருக்கத்து நான்காம் எழுத்திற்கு 9, நகரத்திற்கு 0. கிடைத்த இரண்டெண்களையும் தலைமாற்றி வைப்பின் மேளத்தின் எண் தோன்றும். தானரூபி என்னும் மேளம் தகர முதலெழுத்தோடு நகரம் பெற்றது; ஆகலின் 6-ஆம் மேளம். தேனுகா, நான்காம் எழுத்தோடு நகரம் பெற்றது. ஆகலின் 9-ஆம் மேளம். தமிழில் எழுதுங்கால் இரண்டற்கும் முதலெழுத்து ஒன்றே. எண்ணோ வேறு. இப்பெயரின் முதலெழுத்து தேனின் தகரமாயின், அது தானரூபியின் இடத்தன்றோ சென்று நிற்கவேண்டும்? தியாகையர் கீர்த்தனை பாடிய அவ்விராகத்தின் வரிசையெண்ணே என் உரையைப் பொய்யாக்கிற்று. எழுத்து மறைத்ததனை எண் காட்டிக்கொடுத்தது.

இங்ஙனம் தேன் என்னும் பொருள் ஒழிந்தது. இனி, நம் சித்தாந்த நூல்களைப் பயின்ற அன்பர் சிலர் கூறும் மற்றோருரையினையும் ஆராய்தல் வேண்டும். ‘தேனு என்பது பசு, பசு என்பது உயிர், ஆகலின் தேனுகா என்பது பாசத்துட்பட்ட ஆன்மாவைக் குறிக்கும் பெயர்’ என்பர் அவர். இது கேட்டற்கு அழகிதாயினும் ஏற்புடைத்தன்று. பசு என்னும் சொல்லுக்குக் கட்டுண்டது என்பது நம் ஆசிரியர் கொண்ட பொருள். அச்சொல் ஆவிற்கும் ஏற்றிற்கும் பிற விலங்கிற்கும் பொதுவாய் நின்று, கட்டுண்ட உயிரைச் சுட்டும். தேனு என்னும் சொல்லோ கட்டினைச் சுட்டுவதன்று, ஊட்டுதலைச் சுட்டுவது. கன்றில்லா ஆவும் பால் வற்றிய ஆவும் பசுவேயாயினும், தேனுவென்னும் பெயர்க்குச் சிறப்பாக உரியன அல்ல. பசு என்பது பெறும் நிலை. தேனு என்பது தரும் நிலை. பெறுவது உயிர், தருவது திருவருள். திருவருளே சத்தி, சத்தி சிவத்தின் வேறன்று, ஞாயிறும் ஒளியும் போல்வது. ஆகலின் அம்மைக்குத் தேனுகாம்பாள் என்னும் பெயர் அமைந்தது, உயிரென்பது பற்றியன்று, உயிர்க்குப் பாலூட்டும் தாயென்பது பற்றியே எனக் கொள்க.

இப்பொருளுக்குத் தலவரலாறும் இயைபுடையதே. கபில முனிவர் தம் வழிபாட்டில் நேர்ந்த பிழையால் ஆவின் பிறப்பெய்தி, புற்றிடத்தே மறைந்திருந்த இலிங்கத்திருமேனிமேல் நாள்தோறும் பால் சொரிந்து வீடுபெற்றார் என்பது மாடம்பாக்கத்துத் தலவரலாறு. ஆவின் உடம்பில் நின்ற உயிர் கபிலர், அவ்வுயிர் பசு. அதன் மடியில் எவரும் கறவாமலே பால் சுரந்தது எதனால்? அருளாலன்றி வழிபாடு கூடாதென்பது சித்தாந்தத் துணிபு. சொரிந்தது பசு, சுரப்பித்தது அம்மை. அதனாலன்றோ அவ்வூரில் ஐயனும் அம்மையும் ஒருங்கே அவ்வாவின் பெயரைத் தாங்கினர்.

இக்கருத்து அத்தலத்திற்கே உரியதுமன்று. தாம்பரத்திற்கு வடகிழக்கே கடற்கரையிலுள்ள திருவான்மியூரில் காமதேனு பால் சொரிந்து வழிபட்டமையால் இறைவர்க்குப் பால்வண்ணநாதர் என்னும் பெயரும் வழங்குகின்றது. ஆண்டு ஐயன் பாலின் நிறத்தைப் பெயராகக் கொண்டான். ஈண்டு அம்மை பாலூட்டும் தொழிலைப் பெயராகக் கொண்டாள். சோழநாட்டுத் திருவாவடுதுறையிலோ அம்மையே ஆவின் வடிவெய்தி வழிபட்டாள் என்பது வரலாறு. இறைவர் கோமுத்தீசுவரர் எனப்படுதல் அது பற்றியே. சேய்ஞலூரில் விசாரசருமர் மேய்த்த ஆக்கள் தாமே பால் பொழிந்தமையும், அப்பாலாட்டினாலே அவர் சண்டேசுரப் பதம் பெற்றமையும் பெரியபுராணத்துள் அன்பர் ஓதி உருகுவன. அப்புராணத்தை அருளிய சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூரும் நம் தாம்பரத்திற்கு அணித்தேயுளது. மூவாண்டுப் பிள்ளையார் சீகாழிக் குளக்கரையில் அழுதபொழுது, ஞானத்தைப் பாலாகக் குழைத்துப் பொற்கிண்ணத்தில் ஊட்டினவள் யார்? ‘தேனுகா’ என்னும் மூன்றெழுத்தை விரித்தெழுதின் அந்நிகழ்ச்சியே அதன் உரையாம். இத்துணைப் பெரும்பொருளை யான் ஒரு துளி தேனுக்கு விற்றேன்.

இனி, இப்பெயர் அருகி வழங்குதற்குக் காரணம் யாது? பசுவின் பெயராதலின் மக்கள் நாணினர் என்பர் சிலர். அது காரணமன்று. கோமதி என்னும் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதார் யாவர்? கோ என்பது ஆ; கோமதி என்பது ஆவையுடையாள் என்னும் பொருட்டு. சங்கரன்கோயிலில் எழுந்தருளிய அவ்வம்மைக்கு ஆவுடையாள் என்பதே தமிழ்ப்பெயர். திருநெல்வேலிச் சீமையில் கோமதி என்றும் ஆவுடையம்மாள் என்றும் பெயர் பூண்ட மகளிர் வழிவழியாக உளர். அவர்களை எவரும் எள்ளியதில்லை. ஏனெனில் அப்பெயரைக் கேட்டவுடன் கோயிலும் அம்மையும் நினைவில் எழுந்தன. திருவிடைச்சுரத்து அம்மையும் கோவர்த்தனாம்பிகை என ஆவின் பெயரே பெற்றுள்ளாள். ஆகலின் குறை பொருளில் இல்லை; நினைவில் உளது.

மெய்க்காரணம் வேறு. ஒரு தலத்து அம்மையின் பெயர், அத்தலத்தைச் சூழ்ந்து வாழும் குடிகளிடத்தே வேரூன்றிப் பின்னர்ப் பரவுவது. மதுரையார் மீனாட்சி என்றும், காஞ்சியார் காமாட்சி என்றும், மயிலையார் கற்பகம் என்றும் இட்டனர். மாடம்பாக்கம் பன்னெடுங்காலம் சிற்றூராகவே இருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-இல் ஓடத்தொடங்கிய பின்னர், இப்பகுதியில் குடியேறினவர் தத்தம் நாட்டு அம்மையரின் பெயர்களையும் உடன்கொண்டு வந்தனர். அது குற்றமன்று, தாய்வீட்டை மறவாமை நன்றே. ஆயினும் குடியேறிய ஊரின் அம்மை, தன் தெருவிலேயே பெயரறியப்படாதவளாயினாள். பெயர்ப் புத்தகங்களிலிருந்து பெயர் தேடுவார், ஓசை புதிதாக உளதென்று இதனை எடுப்பின், புத்தகம் கூறும் பொருளையே நம்புவர். கோயிலொடு தொடர்பற்ற பெயர் வேரற்ற கொடியாகலின், எவர் இழுப்பினும் அப்பக்கம் சாயும்.

‘வடசொல்லாயிற்றே, தமிழ்ப் பொருள் கற்பித்தால் தமிழுக்கு ஆக்கமன்றோ?’ என்று வினவுவாரும் உளர். அவர்க்கு எம் அண்மையிலேயே விடையுண்டு. பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-இல் மறைந்த மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரை 1916-ஆம் ஆண்டையொட்டித் தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. தம் மக்களின் பெயர்களையும் அவ்வாறே ஆக்கினார். திரிபுரசுந்தரி என்பது முந்நகரழகி ஆயிற்று. அதனை ஏற்பாரும் ஏலாதாரும் சைவருள் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவ்வழக்கினுள் யான் புகவில்லை. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றே. அடிகள் சொல்லை மாற்றினார், பொருளை மாற்றிலர். முந்நகரழகி என்பாளும் திரிபுரசுந்தரியே. தேனுகாவையும் தமிழாக்க விரும்புவார் ஆவம்மை என்றோ, பாலூட்டும் அம்மை என்னும் பொருள்பட வேறொன்றாகவோ ஆக்குக. அம்மை ஆண்டும் இருப்பாள். யான் செய்தது அதற்கு நேர்மாறு. சொல்லை வைத்துக்கொண்டு பொருளை அகற்றினேன். அம்மூதாட்டியார் உணர்ந்தது அதனையே. மாட்டை அகற்றியவுடன் அம்மையும் அகன்றாள் என்பதனை அவர் ஒரு வினாவிற் கண்டார்.

புலவர் சிலேடையாகத் தேனையும் ஆவையும் ஒரு சொல்லில் இணைத்துப் பாடின் அது குற்றமாமோ எனின், ஆகாது. சிலேடை மெய்ப்பொருளை நிலைநிறுத்தி அதன்மேல் மற்றொன்றைச் சார்த்துவது. பிழையுரை மெய்ப்பொருளைத் தள்ளி அதனிடத்தில் தான் அமர்வது.

ஒருவர் துன்பத்தை ஆற்றுதற்குக் கூறும் பொய் தீதன்றென்பாரும் உளர். குற்றமற்ற நன்மை பயப்பின் என்னும் வரையறை அதற்கு உண்டு. என் பொய்யால் விளைந்தது யாது? பிள்ளைகள் ஆவின் பெயரை இழிவென்று கொண்டனர், ‘ஆம், அஃது இழிவே, ஆயினும் உன் பெயர் அதுவன்று’ என்று யானும் அவர்க்கு உடன்பட்டேனாயிற்று. தைத்திங்களில் ஆவிற்கு மஞ்சள் பூசி மாலை சூட்டி வணங்கும் நாட்டில், திருநீற்றுக்கு மூலமாகிய ஆவின் பெயர் வசையெனக் கொள்ளப்பட்டபொழுது, மறுக்கவேண்டியது அவ்வசையைத்தான், பெயரின் பொருளையன்று. ஆசிரியனாக யான் பள்ளிக்குச் சென்று அப்பிள்ளைகட்குக் கதை கூறியிருத்தல் வேண்டும். எளிய வழியைத் தேடினேன்.

இவற்றையெல்லாம் அப்பெண் மேள எண்ணைக் கூறிய அன்றே அவளிடம் ஒளியாது கூறினேன். அவள் சினவாது கேட்டாள். சிறிதுநேரம் வாளாவிருந்து, ‘அப்படியானால் பாட்டி வைத்த பெயர் சரிதானே, தாத்தா?’ என்றாள். ‘சரியே, அம்மா. பிழை என்னுடையது’ என்றேன். அம்மூதாட்டியார்க்கு யான் கொடாத விடையை அவர் பேத்தி கேட்டுப் பெற்றுக்கொண்டாள்.

இப்பெயரைத் தம் மகவிற்கு இட விரும்பும் அன்பர், அம்மகவு கேட்டறியும் பருவம் எய்தியபொழுது மாடம்பாக்கத்துத் திருமுன் அழைத்துச் சென்று, பால் சொரிந்த ஆவின் வரலாற்றைக் கூறி, ‘நீ பெற்ற பெயர் ஊட்டுபவளின் பெயர்’ என்று உணர்த்துவாராக. அதனை உணர்ந்த பிள்ளையை எவர் எள்ளினும் அவ்வெள்ளல் அதனைத் தீண்டாது. பெயர் அரிதாயிருத்தல் குறையன்று. பொருள் மறைந்திருத்தலே குறை. தேனுகாம்பாள் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.